சென்னையில் ஒரு நாள்தான் கையில் இருக்கிறது: பிள்ளைகளை எழும்பூர் மியூசியத்துக்குக் கூட்டிப் போகலாமா?

தாமிரபரணிக்கரை கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் ஸ்ரீவைகுண்டம். மே மாதம் நாத்தனார் மகள் கல்யாணத்துக்காகச் சென்னை வருகிறோம். வியாழக்கிழமையோடு கல்யாணம் முடிகிறது. வெள்ளிக்கிழமை எங்களுக்கு வேலை எதுவும் இல்லை. சனிக்கிழமை பகலில் உறவுக்காரர் வீடுகள், ராத்திரி எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரஸ். அந்த வெள்ளிக்கிழமையைப் பிள்ளைகளுக்கு உபயோகமாகக் கழிக்க நினைக்கிறேன். மகள் எட்டாவது, மகன் நாலாவது. மாமியாரும் கூட வருகிறார். நன்றாக நடப்பார், ஆனால் இடையிடையே உட்கார இடம் வேண்டும்.

எழும்பூர் மியூசியம் போகலாம் என்பது என் ஆசை. வீட்டுக்காரர் மெரினா, அப்புறம் ஏதாவது ஒரு மால் என்கிறார். எனக்கும் தயக்கம் இல்லாமல் இல்லை. போன லீவில் வேறொரு ஊரில் பெரிய அரண்மனை மியூசியம் ஒன்றுக்குப் போனோம். வாள், கடிகாரம், பீங்கான் தட்டு, பல்லக்கு என்று அறை அறையாக நடந்து எல்லாவற்றையும் பார்த்தோம். மறுநாள் பஸ்ஸில் "என்ன பார்த்தீங்க, சொல்லுங்க" என்று கேட்டால் இரண்டு பேருக்கும் ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை. வாசலில் குடித்த கரும்புச் சாறு மட்டும் ஞாபகம் இருந்தது.

பயணம் போகிற இடத்தில் மியூசியம் பார்ப்பதால் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே ஏதாவது சேருமா? சேரும் என்றால் எப்படிப் பார்க்க வேண்டும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பெரம்பூர்வாசி:

நான் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன். உங்கள் வீட்டுக்காரர் பக்கம்தான் என் ஓட்டு. மே மாத வெயிலில் அந்த வளாகத்துக்குள் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு ஏறி இறங்குவதை நாலாவது படிக்கிற பையன் தாங்கமாட்டான். எங்கள் பாட்டி காலத்தில் மியூசியத்தைச் செத்த காலேஜ் என்றும் மிருகக்காட்சி சாலையை உயிர் காலேஜ் என்றும்தான் சொல்வார்கள். பிள்ளைகள் எப்போதும் உயிர் காலேஜுக்குப் போகத்தான் அழும்.

பையனுக்காக என்றால் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். பக்கம் இருக்கிற ரயில் மியூசியத்துக்கு வாருங்கள். பழைய நீராவி எஞ்சின்களைக் கிட்டப்போய்ப் பார்க்கலாம். எழும்பூர் போயே தீருவேன் என்றால், திமிங்கல எலும்புக்கூட்டைக் காட்டிவிட்டு உடனே வெளியே வந்துவிடுங்கள். அது ஒன்றுதான் சின்னப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

மாயவரம் டீச்சர்:

அவசரமான விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. கோட்டைக்குள் இருக்கிற மியூசியத்துக்கும் அப்படித்தான். அதனால் உறவுக்காரர் வீடுகளை வெள்ளிக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்குத் திறக்கும்போதே வாசலில் இருங்கள். வெயில் ஏறுவதற்குள் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிடலாம். ராத்திரி ரயில் ஏறப்போகிற ஸ்டேஷனும் பக்கத்திலேயே இருக்கிறது.

நான் மாயவரம் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளியில் சரித்திரப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகளைச் சுற்றுலாவில் சென்னைக்கு அழைத்து வரும்போதெல்லாம் எழும்பூர் போவோம். உங்கள் பிள்ளைகளுக்கு அரண்மனை மியூசியத்தில் எதுவும் மனதில் நிற்காமல் போனதற்குக் காரணம் அவர்கள் இல்லை. ஆயிரம் பொருளை வரிசையாகப் பார்த்தால் பெரியவர்களுக்கே எதுவும் நிற்காது. அத்தனை பொருளுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு சம்பந்தம் இல்லை, அதுதான் காரணம். அந்தச் சம்பந்தத்தை முதலில் உண்டாக்கிக் கொடுக்க வேண்டும்.

நான் செய்த வேலை ரொம்ப எளிமையானது. கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற லேபிளில் பொருளின் பெயர், நூற்றாண்டு இவற்றோடு ஒரு ஊர்ப் பெயரும் இருக்கும். முதலில் அந்த ஊர்ப் பெயரைப் படிக்கச் சொல்வேன். அந்தப் பொருள் அங்கே என்ன வேலை செய்துகொண்டிருந்தது, யார் அதை அங்கிருந்து எடுத்தார்கள், ஏன் இங்கே வந்தது என்று கேட்பேன். மியூசியத்தில் இருக்கிற எந்தப் பொருளும் அங்கேயே பிறந்ததில்லை. எல்லாமே பயணம் பண்ணி வந்தவைதான். பயணத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடும்.

உங்களுக்கு நான் ஒரு பொருளைக்கூடத் தேடித் தரவேண்டியதில்லை. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஆற்றைத் தாண்டினால் திருச்செந்தூர் ரோட்டில் ஆதிச்சநல்லூர். அந்த மேட்டை உங்கள் பிள்ளைகள் பஸ் ஜன்னல் வழியாக எத்தனையோ முறை பார்த்திருப்பார்கள். 114 ஏக்கர் பரப்புள்ள ஈமக்காடு அது. 1876-ல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் வந்து தோண்டி, கிடைத்ததைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். அப்புறம் 1899-லிருந்து சில வருஷங்கள் தொல்லியல் துறை அதிகாரி அலெக்சாண்டர் ரீ தோண்டினார். அவர் எடுத்தவை சென்னை வந்தன. முதுமக்கள் தாழிகள், இரும்பு வாள்கள், மண்ணைக் கொத்துகிற கருவிகள், நெற்றியில் கட்டும் மெல்லிய தங்கத் தகடுகள், மூடியின் மேல் எருமையும் பறவையும் நிற்கிற வெண்கலச் சாடிகள். தாழிக்குள் நெல் உமியும் கிடைத்தது. செத்தவருக்குச் சாப்பாடு வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

அந்த வெண்கல எருமையின் முன்னால் உங்கள் மகனை நிறுத்துங்கள். வளைந்து நீண்ட கொம்பை நன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். "இது உன் ஊர் ஆற்றங்கரையில் செய்தது, உன் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் கிடந்தது" என்று சொல்லிப் பாருங்கள். ஊருக்குத் திரும்பியதும் அந்த மேட்டுக்கே அழைத்துப் போங்கள். 2004-ல் தொல்லியல் துறை மறுபடி அங்கே தோண்டியபோது நூற்றுக்கும் மேற்பட்ட தாழிகள் வந்தன. பக்கத்திலேயே சிவகளை இருக்கிறது. அங்கே தாழியில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021-ல் அறிவித்தார்கள். சென்னையில் கண்ணாடிக்குள் பார்த்ததும் ஊரில் வெயிலில் நின்று பார்த்ததும் ஒன்றோடு ஒன்று சேரும்போதுதான் பிள்ளைக்குச் சரித்திரம் ஆரம்பிக்கிறது. பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நான் எவ்வளவோ கத்தியிருக்கிறேன், இது அதில் வருவதில்லை.

இரண்டாவதாக, வெண்கலக் கூடம். மகளுக்காக இது. திருவாலங்காட்டு நடராஜர் அங்கே இருக்கிறார், 11-ஆம் நூற்றாண்டு. காரைக்கால் அம்மையார் பாடிய அதே திருவாலங்காடு. சுற்றிலும் இருக்க வேண்டிய நெருப்பு வளையமான திருவாசி இல்லை, பறக்கும் சடையும் இல்லை. அவை இல்லாததாலேயே உடம்பின் கோடு முழுசாகத் தெரிகிறது. பிரெஞ்சுச் சிற்பி ரோதான் இந்தச் சிலையை நேரில் பார்த்தவரில்லை. சென்னையிலிருந்து போன புகைப்படங்களை வைத்துக்கொண்டே பக்கம் பக்கமாக எழுதினார். அது அவர் இறந்த பிறகு, 1921-ல் அச்சாகியது. புகைப்படத்தில் பார்த்தே ஒருவர் அப்படி உருகினார் என்றால், நேரில் நிற்கிற நாம் கொஞ்ச நேரமாவது நிற்க வேண்டாமா? பக்கவாட்டுக்குப் போய்ப் பாருங்கள். எல்லோரும் முன்னால் நின்று போட்டோ எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். தூக்கிய காலும் வீசிய கையும் முன்பக்கம் எவ்வளவு தூரம் நீண்டு வருகின்றன, அவ்வளவு எடையையும் காலடியில் கிடக்கிற முயலகன் என்ற அசுரக் குள்ளன் மேல் ஊன்றிய ஒற்றைக் கால் எப்படித் தாங்குகிறது என்பது பக்கவாட்டில்தான் தெரியும்.

அதே கூடத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரி. எங்கள் பக்கத்து ஊர் என்பதால் எனக்கு இதில் பாசம் கூடுதல்தான், மறைக்கவில்லை. வலது பாதி சிவன், இடது பாதி உமை. கைகளை எண்ணச் சொல்லுங்கள். மூன்றுதான் இருக்கும். சிவன் பக்கம் இரண்டு, அம்மன் பக்கம் ஒன்று. "ஏன் மூணு?" என்று பிள்ளைகளே கேட்பார்கள், கேட்டுவிட்டு அவர்களே இடுப்பையும் தோளையும் இரண்டு பக்கமும் ஒப்பிட ஆரம்பிப்பார்கள். நான் வகுப்பில் அழைத்து வந்த பெண்களில் பாதிப் பேர் இந்தச் சிலையை விட்டு நகரவே மாட்டார்கள்.

வடக்குப்பனையூர் ராமர், லட்சுமணர், சீதையையும் பார்த்துவிடுங்கள். ராமர் வில் பிடித்திருக்கிற மாதிரி கை வைத்திருப்பார், வில் இருக்காது. நாலாவது படிக்கிற பையனை அவர் எதிரில் அதே மாதிரி நிற்கச் சொல்லுங்கள். எவ்வளவு பெரிய வில் அது, எந்தக் கோணத்தில் இருந்திருக்கும் என்று அவன் உடம்பே அவனுக்குச் சொல்லும்.

இவை எப்படிச் செய்யப்பட்டன என்று தெரிந்தால் பார்க்கிற பார்வையே மாறும். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து முதலில் முழு உருவத்தையும் மெழுகிலேயே செய்வார்கள். விரல் நகம், இடுப்பு மணி எல்லாம் அதிலேயே வந்துவிடும். அதன் மேல் காவிரி வண்டலைக் குழைத்துப் பூசி, காயவைத்து, சுடுவார்கள். மெழுகு உருகி ஓடிவிடும். அது இருந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறிய பிறகு மண் கருவை உடைத்துத்தான் சிலையை வெளியே எடுக்க முடியும். அதனால் ஒரு கருவில் ஒரு சிலைதான். மெழுகும் போச்சு, மண்ணும் போச்சு, மறுபடி அதே சிலையை வார்க்க வழியே இல்லை. சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றைக்கும் இப்படித்தான் வார்க்கிறார்கள். பீடத்தைக் குனிந்து பார்த்தால் துளைகளோ வளையங்களோ இருக்கும். கழி செருகித் தோளில் தூக்கிப் போக வைத்தவை. இவர்களெல்லாம் உற்சவர்கள், வீதி சுற்றியவர்கள்.

இவ்வளவுதான். ஆதிச்சநல்லூர், வெண்கலக் கூடம், அப்புறம் தம்பிக்காகத் திமிங்கலம். பெரம்பூர் சார் சொன்ன திமிங்கலத்தை நானும் விடச் சொல்லமாட்டேன், கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கட்டடங்களைப் பார்க்கவில்லையே என்று வருத்தப்படவே வேண்டாம். ஆளுக்கு ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து, பிடித்த பொருள் ஒன்றை மட்டும் உட்கார்ந்து வரையச் சொல்லுங்கள். படம் அழகாக வரவேண்டியதில்லை. வரைகிறவன் கண் அந்தப் பொருளை விட்டு நகராது, எனக்கு வேண்டியது அதுதான். பாட்டிக்கும் உட்கார நேரம் கிடைக்கும்.

செத்த காலேஜ் என்றாரே, அதற்கு ஒரு வார்த்தை. 1851-ல் இந்த மியூசியம் ஆரம்பித்தபோது பொறுப்பேற்ற எட்வர்ட் பால்ஃபர் ஒரு ராணுவ மருத்துவர். பிற்பாடு மியூசியம் இப்போது இருக்கிற எழும்பூர் பாந்தியன் வளாகத்துக்கு வந்ததும் அங்கேயே உயிருள்ள புலியையும் சிறுத்தையையும் வைத்தார். கூட்டம் அலைமோதியது. சென்னையின் மிருகக்காட்சி சாலை அந்த வளாகத்திலிருந்து பிரிந்து போனதுதான். செத்ததும் உயிரும் ஒரே வீட்டில் பிறந்தவை சார்!

டூட்டிங் தமிழன்:

டீச்சர் அமராவதியைத் தொடவில்லை. நான் லண்டனில் இருக்கிறேன். அமராவதிச் சிற்பங்களை முதலில் பிரிட்டிஷ் மியூசியத்தில்தான் பார்த்தேன். எழும்பூரில் பார்த்தது அதற்குப் பிறகு, ஊருக்கு வந்திருந்தபோது.

ஆந்திராவில் கிருஷ்ணா நதிக்கரையில் இருக்கிற அமராவதியில் ஒரு மாபெரும் பௌத்தத் தூபி இருந்தது. வாசிரெட்டி வெங்கடாத்ரி நாயுடு என்ற ஜமீன்தார் புது ஊர் கட்டுவதற்காக அந்த மேட்டிலிருந்து கல் எடுத்துக்கொண்டிருந்தார். கேள்விப்பட்டு ஆங்கிலேயக் கம்பெனியின் நில அளவை அதிகாரி காலின் மெக்கன்சி 1797-ல் போய்ப் பார்த்தார். 1816-ல் மறுபடி போய் வரைபடங்கள் எழுத வைத்தார். 1845-ல் கம்பெனி அதிகாரி வால்டர் எலியட் தோண்டி எடுத்த கற்கள் மெட்ராஸுக்கு வந்து, வருஷக்கணக்கில் வெட்டவெளியில் வெயிலிலும் மழையிலும் கிடந்தன. அதில் ஒரு பெரும்பகுதியை 1859-ல் லண்டனுக்குக் கப்பலேற்றினார்கள். பின்னால் கிடைத்தவை சென்னையில் தங்கின. கொஞ்சம் அமராவதியிலேயே இருக்கிறது.

லண்டனில் இதற்கென்று கண்ணாடிச் சுவர் வைத்த தனி அறை. அங்கே ஒரு பலகைக்கு இரண்டு பக்கமும் செதுக்கல் உண்டு. பழைய பக்கத்தில் போதிமரம், அதன் கீழே காலி ஆசனம், சுற்றிலும் வணங்குகிறவர்கள். புத்தர் உருவம் கிடையாது. சில நூற்றாண்டுகள் கழித்து அதே கல்லைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தில் முழுத் தூபியையும் செதுக்கியிருக்கிறார்கள். தூபி எப்படி இருந்தது என்று நமக்குத் தெரிவதே இந்த மாதிரிப் பலகைகளால்தான். மேட்டில் இன்றைக்கு அடிப்பகுதி தவிர அதிகம் மிச்சமில்லை.

எழும்பூரில் நளகிரி யானையின் வட்டச் சிற்பம் இருக்கிறது. மதம் பிடித்த யானையைப் புத்தர் மேல் ஏவிவிட்ட கதை. ஒரே வட்டத்துக்குள் யானை இரண்டு தடவை வரும். ஒரு பக்கம் தெருவில் ஆட்களைத் தூக்கி எறிந்துகொண்டு ஓடி வருகிறது, மறுபக்கம் மண்டியிட்டுக் கிடக்கிறது. மேலே மாடி ஜன்னல்களில் எட்டிப் பார்க்கிற முகங்கள். பையன் நாலாவது என்றீர்களே, இதைக் கட்டாயம் காட்டுங்கள். லண்டனில் இருக்கிற எதையும்விட எனக்கு இந்த ஒரு வட்டம் மேல்.

ஆனால் ஒன்று மனதைச் சங்கடப்படுத்தியது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பலகைகளைச் சென்னையில் சுவரோடு சுவராகச் சிமெண்டு வைத்துப் பூசிவிட்டார்கள். மென்மையான சுண்ணாம்புக் கல் அது. சுவரிலிருந்து ஏறுகிற உப்பும் ஈரமும் அதை அரிக்கும். கப்பலேற்றியதும் நியாயமில்லை, சுவரில் பூசியதும் நியாயமில்லை. ஒரு பொருளைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டு மனிதர்கள் என்னென்ன செய்திருக்கிறார்கள் என்பதும் மியூசியத்தில் கற்கிற பாடம்தான். எட்டாவது படிக்கிற பெண்ணுக்கு அது புரியும், சொல்லுங்கள்.

தாமிரபரணிக்கரை:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பது தெரியாமல் கிளம்பியிருப்பேன் டீச்சர். இப்போது சனிக்கிழமை என்று முடிவாகிவிட்டது. ஆதிச்சநல்லூர் எருமையைப் பற்றி மகனிடம் சொன்னேன், "நம்ம ஊர்ப் பொருளை எதுக்கு மெட்ராஸ்ல வச்சிருக்காங்க?" என்று உடனே கேட்டுவிட்டான்.

இன்னொரு சிக்கல். நீங்கள் எழுதியதை மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். வெண்கலக் கூடம் என்றதும் முகம் மாறிவிட்டது. "சாமியைக் கண்ணாடிக்குள்ள வச்சு டிக்கெட் போட்டுக் காட்டுறாங்களா? வீதி சுத்தின சாமிய? நான் வெளிய மரத்தடியில உக்காந்திருக்கேன், நீங்க போயிட்டு வாங்க" என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது. எப்படிப் பதில் சொல்வது?

கும்பகோணத்தான்:

அம்மா சொல்வது முழுக்கச் சரி. எங்கள் ஜில்லாக்களில் எத்தனை கோயிலில் உற்சவர் போன இடம் தெரியாமல் பீடம் மட்டும் நிற்கிறது தெரியுமா? அரியலூர் பக்கம் ஸ்ரீபுரந்தான் நடராஜர் திருடுபோய், 2008-ல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் அதை விலைக்கு வாங்கி வைத்திருந்தது. 2014-ல்தான் திரும்பி வந்தார். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பல வருஷங்களுக்கு முன்பே கோயில் கோயிலாகப் போய் எடுத்து வைத்த போட்டோக்கள் இல்லையென்றால் இந்த மாதிரி வழக்குகளில் நம்முடையது என்று நிரூபிப்பதே கஷ்டம்.

ஆனால் இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. பூட்டுக்கூடச் சரியில்லாத சின்னக் கிராமத்துக் கோயில்களின் சாமிகளைத் திருவாரூரில் பாதுகாப்பு மையத்தில் ஆயிரக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். திருவிழாவுக்கு ஊருக்குக் கொண்டுபோய், முடிந்ததும் திருப்பிக் கொண்டுவந்து வைக்கிற ஊர்களும் உண்டு. சாமி பத்திரமாக இருக்கிறார், ஆனால் ஊரில் இல்லை. இதற்கு என்னிடம் நல்ல பதில் கிடையாது. வெளிநாட்டு மியூசியத்துக்குப் போனால் லேபிளில் அந்தப் பொருள் எந்த வருஷம், யாரிடமிருந்து வாங்கியது என்று போட்டிருக்கிறதா பாருங்கள். கலைப்பொருள் கடத்தலைத் தடுக்க யுனெஸ்கோ ஒப்பந்தம் வந்த 1970-க்குப் பிறகு ஒரு வியாபாரியிடம் வாங்கிய சோழர் சிலை என்றால் எனக்கு வயிறு பற்றி எரியும்.

மாயவரம் டீச்சர்:

தாமிரபரணிக்கரை, உங்கள் மகன் கேட்ட கேள்வியும் மாமியார் கேட்ட கேள்வியும் ஒன்றுதான். வீட்டில் இரண்டு பேர் ஏற்கெனவே மியூசியம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

மாமியாரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். எழும்பூரில் இருக்கிற திருமேனிகளில் ஏராளமானவை ஓடுகிற கோயிலிலிருந்து பிடுங்கி வந்தவை இல்லை. படையெடுப்புக் காலங்களில், மாலிக் கபூர் 1311-ல் தெற்கே வந்த மாதிரியான நேரங்களில், கோயில்காரர்களே சாமியைப் பள்ளம் தோண்டிப் புதைத்துவிட்டு ஓடினார்கள். புதைத்தவர் செத்துப்போனால் இடமும் மறந்துபோகும். பல நூறு வருஷம் கழித்து ஏர் ஓட்டும்போதோ, குளம் வெட்டும்போதோ, கோயில் வேலைக்கு அஸ்திவாரம் பறிக்கும்போதோ மண்வெட்டி பட்டு வெளியே வந்தவை. 1878-ல் வந்த புதையல் சட்டப்படி பூமிக்குள் கிடைத்ததைக் கலெக்டரிடம் ஒப்படைக்க வேண்டும். அந்த வழியாகத்தான் பலதும் மியூசியம் வந்து சேர்ந்தன. திருவெண்காட்டுத் திருமேனிகளும் 1950-களில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தவைதான். அன்றைக்கு அந்தச் சட்டம் இல்லையென்றால் எத்தனை சிலை உருக்கி எடைக்குப் போயிருக்கும் என்று நினைத்தாலே பதறுகிறது.

அதற்காக மியூசியம்தான் சாமிக்கு வீடு என்று நான் சொல்லமாட்டேன். பூஜை நடக்கிற கோயிலின் சாமி கோயிலில்தான் இருக்க வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது. ஆனால் மாமியார் ஒரு விஷயத்தை அங்கே பார்க்கலாம், கோயிலில் முடியாது. உற்சவர் என்றால் நமக்குப் பட்டும் மாலையும் கவசமும்தான். முகம் மட்டும் தெரியும். ஸ்தபதி மெழுகில் இழைத்த தோள், முதுகுத்தண்டு, ஆடை மடிப்பு எதையும் பக்தர்கள் பார்ப்பதில்லை. யாரும் பார்க்கமாட்டார்கள் என்று தெரிந்தும் முதுகுப் பக்கத்தை அவ்வளவு நேர்த்தியாகச் செய்திருக்கிறான் அந்த மனிதன். சாமியின் பின்னால் போய் நின்று பார்க்கிற பாக்கியம் எந்தக் கோயிலில் கிடைக்கும்? அவர் அங்கே கைகூப்பினால் யாரும் எதுவும் சொல்லப் போவதில்லை. அந்தக் கூடத்தில் கைகூப்புகிறவர்களை நான் எப்போதும் பார்க்கிறேன். ராமர், சீதையைப் பார்த்தால் ஸ்ரீவைகுண்டத்து அம்மாவுக்கு வெளியே உட்கார மனசு வராது.

டூட்டிங் தமிழன் அமராவதியைச் சொன்னது நல்லதாயிற்று. நான் அதை விட்டதற்குக் காரணம், ஒரே காலைக்குள் நான்காவது விஷயம் பிள்ளைகளுக்குக் கனக்கும் என்பதுதான். நளகிரி வட்டம் மட்டும் என்றால் சரி, திமிங்கலத்துக்குப் பதிலாக அல்ல, அதற்கு முன்னால்.

இன்னும் சில விவரங்கள். பெரிய பையைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். சில கூடங்களைப் பராமரிப்புக்காக அவ்வப்போது மூடுவார்கள், டிக்கெட் கவுண்டரிலேயே வெண்கலக் கூடம் திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு உள்ளே போங்கள். போட்டோ எடுக்கத் தனிக் கட்டணம். நான் சொன்னால் கேட்பீர்கள் என்றால், பிள்ளைகளிடம் போனைக் கொடுக்காதீர்கள். வளாகத்துக்குள்ளேயே 1896-ல் திறந்த கன்னிமாரா நூலகம் இருக்கிறது. மகளுக்குப் படிக்கிற பழக்கம் இருந்தால் வெளியே நின்று கட்டடத்தையாவது காட்டுங்கள்.

அடுத்த லீவுக்கு ஒரு யோசனை. தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போங்கள். எழும்பூர் அர்த்தநாரியின் ஊர்க்காரர்கள் மீதிப் பேர் அங்கேதான் இருக்கிறார்கள். திருவெண்காட்டுக் கல்யாணசுந்தரர், அம்மன் கையைப் பிடித்திருக்கிற கோலம். அப்புறம் ரிஷபவாகனர், 1011-ஐ ஒட்டிய காலம், ராஜராஜன் ஆட்சி. பாம்பைச் சுற்றிக் கட்டிய சடைத் தலைப்பாகையோடு, காளையின் மேல் கையை வைத்து ஒய்யாரமாகச் சாய்ந்து நிற்பார். காளை கிடைக்கவில்லை. கை மட்டும் காற்றில் அப்படியே இருக்கிறது. எழும்பூரில் வில் இல்லாத ராமரைப் பார்த்துப் பழகிய பையன், இங்கே காளையின் உயரத்தைத் தானே சொல்லிவிடுவான். அங்கிருந்து திருவெண்காடு கொஞ்சம் தூரம்தான், ஆனால் ஒரு பகலில் போகலாம். புதன் ஸ்தலம் என்பதால் மாமியாரே முன்னால் கிளம்புவார். பூம்புகாரும் பக்கத்திலேயே இருக்கிறது.

மகனுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டீர்கள் என்றால், ரீ தோண்டிய காலத்தில் மாகாணத்துக்கே மெட்ராஸில்தான் பெரிய மியூசியம், அதனால் எல்லாம் அங்கே போயிற்று என்று சொல்லுங்கள். இப்போது காற்று மாறியிருக்கிறது. கீழடியில் தோண்டியதைப் பக்கத்துக் கொந்தகையிலேயே மியூசியம் கட்டி 2023 மார்ச்சில் திறந்தார்கள். உறைகிணறு, தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்து கீறிய பானை ஓடு, பகடைக்காய், சூதுபவள மணி எல்லாம் கிடைத்த மண்ணுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. மதுரையிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம். உங்களுக்கு அது சென்னையைவிடப் பக்கம், ஜூனில் பள்ளி திறப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வந்துவிடலாம்.